குளிசை போட மறக்கிறது ஏன்? பாமசிக் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை ரவுனில் ஒரு பாமசியில் 14 வருடமாக வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு அம்மா வந்தார். கைப்பையைத் திறந்து குடை, கிளினிக் கொப்பி, பொலித்தீன் பையில் சுற்றிய கடதாசி உறை என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் எடுத்து வைத்தார். உறையில் என்னுடைய கையெழுத்து: "இரவு 1". கணக்குப்படி அன்றைக்கு அந்த உறை வெறுமையாக இருந்திருக்க வேண்டும். உள்ளே 11 குளிசைகள் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டதுதான் கீழே உள்ள முதல் கேள்வி. அன்றைக்கு அவரோடு அரை மணித்தியாலம் கதைத்தேன். அதே விஷயத்தை அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேரோடு கதைத்திருக்கிறேன். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

பிள்ளை, குளிசை போட மறந்து மறந்து போகுது. எனக்கு மறதி வருத்தம் துடங்கிட்டுதோ?

நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: "பிறகாவது ஞாபகம் வந்ததா?" அநேகமானவர்கள் சொல்வது, "ஓம், பாயில படுத்தாப் பிறகு சட்டெண்டு வந்தது." அப்படியென்றால் குளிசை உங்கள் ஞாபகத்தை விட்டுப் போகவில்லை. உள்ளேதான் இருந்தது. வரவேண்டிய வேளைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாபகத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நேற்று என்ன கறி என்று நான் கேட்டால் நீங்கள் யோசித்துச் சொல்வீர்கள். அது நடந்ததை வைத்திருக்கும் ஞாபகம். இன்றிரவு குளிசை போடவேண்டும் என்பது இனிச் செய்யவேண்டியதை வைத்திருக்கும் ஞாபகம். உளவியலில் புரொஸ்பெக்டிவ் மெமரி என்பார்கள்; நான் இங்கே "செய்யவேண்டிய ஞாபகம்" என்று எழுதுகிறேன். முதலாவதில் கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கிறார். இரண்டாவதில் கேட்பதற்கு யாருமில்லை. வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது, சரியான நேரத்தில், உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். மூளை நல்லாக இருப்பவர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான். உண்மையிலேயே பயப்படவேண்டிய அறிகுறிகள் வேறு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

அப்ப அந்த நேரத்தில மட்டும் ஏன் ஞாபகம் வரேல்ல?

குளிசை உறையைக் கடந்து போகும்போது கண் அதைப் பார்க்கிறது, மனம் பார்க்கவில்லை. இதற்கு எங்களிடம் நல்ல சொல் இருக்கிறது: பிராக்கு. பிராக்கு இரண்டு விதம். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களில் ஒன்று கடை வாசலுக்கு வந்து நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், காசு கொடுத்தவர் மிச்சத்தை வாங்காமலே போய்விடுவார். இது வெளியிலிருந்து வரும் பிராக்கு. மற்றது உள்ளே நடப்பது. கை தேத்தண்ணியை ஆற்றும், மனம் நேற்று நடந்த வாக்குவாதத்துக்குள் நிற்கும். மான் வந்தது எல்லோருக்கும் தெரியும். மனம் போனதோ, திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

இது எவ்வளவு சாதாரணமானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ கில்லிங்ஸ்வேர்த்தும் டானியல் கில்பேர்ட்டும் வெளியிட்ட ஆய்வில், வயதுவந்த 2,250 பேரிடம் நினையாத நேரங்களில் போன் மூலம் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அந்த வேலையில் இருக்கிறதா? கேட்ட தடவைகளில் 46.9 வீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி. குளிசை நேரம் அந்தப் பாதிக்குள் விழுவது அதிசயமில்லை.

சாப்பாட்டோட போடுற குளிசை மறக்கிறேல்ல. எட்டு மணிக் குளிசைதான் மறக்குது. ஏன்?

நல்ல கேள்வி, நீங்களாகவே பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மக்டானியல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் செய்யவேண்டிய ஞாபகத்தை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார்கள்: ஏதாவது ஒரு விஷயம் நடக்கும்போது செய்வது, குறித்த ஒரு நேரத்துக்குச் செய்வது. சோறு கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும், அதுவே உங்களைக் கூப்பிடும். எட்டு மணிக்கு முகம் இல்லை. 7:59 எப்படி இருந்ததோ 8:00 மணியும் அப்படியேதான் இருக்கும். இடையிடையே நீங்கள்தான் மனத்தைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். பிராக்காக இருக்கும் மனத்துக்கு அந்தத் திருப்பல் கைவராது.

தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு நிற்பாட்ட மறப்பதும் இதே கதை. எங்கள் வீட்டில் தாங்கி வழிந்து முற்றம் முழுவதும் வெள்ளம் நின்றபோது நான் இரண்டு யார் தூரத்தில், கதிரையில், கண் விழித்தபடி இருந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் காதில் ஏறவில்லை. ஸ்டீபன் செசியும் யூரி புரொன்பென்பிரெனரும் 1985இல் வெளியிட்ட பரிசோதனை இங்கே ஞாபகம் வருகிறது. 10, 14 வயதுப் பிள்ளைகளிடம் 30 நிமிடத்தில் கேக்கை அடுப்பிலிருந்து எடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். வீட்டிலே செய்த பிள்ளைகள் பலர் தொடக்கத்தில் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார்கள், நடுவில் குறைத்துக்கொண்டார்கள், முடிவு நெருங்க மறுபடியும் அடிக்கடி பார்த்தார்கள். தொடக்கத்தில் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் ஒரு மணிக்கூட்டைச் சரிசெய்து வைத்துக்கொண்டார்கள். நான் மோட்டரைப் போட்டபோது ஒரு தரம்கூட நேரத்தைப் பார்க்கவில்லை. மனம் அலைய வெளிக்கிட்டது அந்த முதல் நிமிடத்திலேயே.

அலாரம் வைச்சிருக்கிறன். அடிக்குது, நிப்பாட்டுறன், ஆனா குளிசை போடேல்ல. இதென்ன புதினம்?

அலாரம் தன் வேலையைச் செய்துவிட்டது. அடிக்கும்போது நீங்கள் முற்றத்தில், குளிசை அலுமாரியில். "இதோ போய்ப் போடுறன்" என்று நிற்பாட்டுகிறீர்கள். அந்த "இதோ" எவ்வளவு நேரம் நின்றுபிடிக்கும்? ஐன்ஸ்டைனும் மக்டானியலும் இன்னும் சிலரும் 2003இல் இதையே சோதித்தார்கள். வேறு வேலை கையில் இருக்கும்போது, நினைத்ததைச் செய்யாமல் ஒரு நிமிடம்கூட ஆகாத நேரம் தள்ளிவைத்தாலே பலர் கோட்டைவிட்டார்கள். செக்கன் கணக்கு. முற்றத்திலிருந்து அலுமாரிக்குப் போக அதைவிடக் கூட நேரம் எடுக்கும், வழியில் யாராவது கூப்பிடவும் கூடும்.

அதோடு வாசல்படியும் ஒரு காரணம். கேப்ரியல் ரட்வான்ஸ்கியும் சகாக்களும் 2011இல் காட்டியது: ஓர் அறையிலிருந்து கதவைக் கடந்து அடுத்த அறைக்குப் போனவர்கள், அதே தூரத்தை ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, கையில் எடுத்துப்போன பொருளைப் பற்றிக் கூடுதலாக மறந்தார்கள். குசினிக்குள் வந்து "என்னத்துக்கு வந்தனான்?" என்று நின்ற எல்லோருக்கும் இது ஆறுதல். ஆகவே குளிசை தொண்டைக்குள் இறங்கும்வரை அலாரத்தை நிற்பாட்டவேண்டாம். அடிக்கிற போனைக் கையில் பிடித்தபடியே நடவுங்கள்.

மனசை அலையவிடாமப் பிடிச்சு வைச்சாச் சரிதானே? தியானம் செய்யட்டோ?

தியானம் நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் இரவுக் குளிசையை அதன் தலையில் கட்டவேண்டாம். வேலை இல்லாதபோது மூளை சும்மா கிடப்பதில்லை. நாங்கள் ஓய்வாக இருக்கும்போது சேர்ந்து சுறுசுறுப்பாகும் பகுதிகளின் வலையமைப்பை மார்க்கஸ் ரெய்க்கிள் குழுவினர் 2001இல் விவரித்தார்கள். அலைவது மூளையின் இயல்பான ஓட்டம். அதை முழுதாக அடைக்க ஏலாது, அடைக்கவும் கூடாது.

ஏனென்றால் அலையும் மனம் கூடுதலாகப் போகும் இடம் நாளைதான். பெஞ்சமின் பெயர்டும் சகாக்களும் 2011இல் செய்த ஆய்வில், மனம் விலகிய நேரங்களில் பலர் வரப்போகும் காரியங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், பல நேரம் திட்டமே போட்டார்கள். கிணற்றடியில் குளிக்கும்போது "அடடா, கரண்ட் பில் கட்டேல்ல" என்று வருவது அந்த அலைச்சல் தந்த உதவி. வந்த கையோடு அதை ஏதாவது ஒரு பொருளில் கட்டிப்போடுங்கள்: செருப்பை மாற்றி வையுங்கள், வாளியைக் கவிழ்த்து வையுங்கள், உரத்துச் சொல்லுங்கள். கட்டாமல் விட்டால், வந்த வழியே போய்விடும்.

சரி, வேற என்னதான் செய்யிறது? ஒண்டு சொல்லுங்கோ, நூறு சொல்லாதேங்கோ.

ஒன்றே சொல்கிறேன். "மறக்காமல் போடுவேன்" என்று முடிவெடுப்பதை விட்டுவிட்டு, "இது முடிந்ததும் அது" என்று முடிவெடுங்கள். பீட்டர் கொல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் பிறகு பல ஆய்வுகளில் இந்த முறை பலன் தந்திருக்கிறது. "இரவு போடுவேன்" என்பது ஆசை. "சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும், அதே ஈரக் கையால் குளிசை உறையை எடுப்பேன்" என்பது திட்டம். கோப்பை கவிழும்போது மனம் கட்டாரில் இருக்கும் மகனிடம் நின்றாலும் பரவாயில்லை, கை இங்கேதான் இருக்கிறது.

எதோடு கட்டுவது என்பதில்தான் கெட்டித்தனம். ஒருநாளும் தவறாத வேலையாக இருக்கவேண்டும். அந்த இடத்தில் தண்ணீரும் குளிசையும் கைக்கு எட்டவேண்டும். வேலையின் நடுவில் கட்டாமல் முடிவில் கட்டவேண்டும், நடுவில் கட்டினால் வேலையை முடித்துவிட்டுப் போடுவோம் என்று மறுபடியும் அந்த "இதோ" வந்துவிடும்.

அந்த 11 குளிசை அம்மாவிடம் கேட்டேன், "இரவில் எதை ஒருநாளும் மறக்கமாட்டீங்கள்?" யோசிக்காமல் சொன்னார்: "கேற் பூட்டுறது. எங்கட காலத்தில அதை மறக்க ஏலுமா?" கறல் பிடித்த பெரிய ஆமைப்பூட்டு, பகலெல்லாம் குசினி யன்னல் விளிம்பில் கிடக்குமாம். குளிசையை அலுமாரியிலிருந்து எடுத்து ஒரு பால்மா டப்பாவில் போட்டு, அதே விளிம்பில் வைத்து, பூட்டை டப்பாவின் மூடிமேல் வைக்கச் சொன்னேன். அடுத்த மாதம் உறையில் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு.

போட்டனோ போடேல்லையோ எண்டே தெரியேல்ல. திரும்பப் போட்டா என்ன?

தெரியாமல் திரும்பப் போடாதீர்கள். சீனி வருத்தக் குளிசை, இன்சுலின், இரத்தத்தை இளக்கும் குளிசை போன்றவற்றை இரண்டு தரம் எடுப்பது ஆபத்தில் முடியலாம். தவறவிட்டால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து வாங்கும் அன்றே கேட்டு கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வையுங்கள்.

ஏன் தெரியாமல் போகிறது? ஒவ்வொரு நாளும் ஒரே குளிசை, ஒரே தண்ணீர், ஒரே இடம். நேற்றையதும் இன்றையதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். "போடவேண்டும்" என்று நினைத்ததும் போட்டதும்கூடக் குழம்பும். நினைத்ததையும் நடந்ததையும் மனம் எப்படிப் பிரித்தறிகிறது என்பதை மார்சியா ஜோன்சனும் கரல் ரேயும் 1981இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மனம் வேறெங்கோ நிற்கப் போட்ட குளிசைக்கு அடையாளம் குறைவு. அதனால் அடையாளத்தை வெளியே விடுங்கள். கிழமை நாட்களுக்கு அறை பிரித்த குளிசைப் பெட்டி வாங்கினால் நல்லது. வாங்க வசதியில்லாவிட்டால் கலண்டரில் ஒரு கோடு போடுங்கள். போத்தல் மருந்தென்றால் காலையில் எடுத்ததும் கவிழ்த்து, இரவில் எடுத்ததும் நிமிர்த்து வையுங்கள்.

நோன்பு வந்தா எல்லாம் குழம்பிப் போவுது மிஸ். மத்த மாசங்களில மறக்கவே மாட்டன். (கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர்)

மற்ற மாதங்களில் உங்கள் ஞாபகத்தைத் தாங்கிப் பிடித்தது காலைச் சாப்பாடு. நோன்பில் அது இல்லை, அதோடு சேர்ந்து கூப்பிடும் குரலும் போய்விட்டது. கலியாண வீடு, ஆஸ்பத்திரியில் ஆள் நிற்பது, கொழும்புப் பயணம் எல்லாவற்றிலும் இதே நடக்கும். நோன்பு தொடங்க முன்னரே டொக்டரிடம் போய் எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள், நீங்களாக மாற்றவேண்டாம். பிறகு புது முடிச்சைப் போடுங்கள்: நோன்பு திறந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டதும் இது, சஹர் சாப்பாடு முடிந்ததும் அது.

மகன் கட்டாரில. அவனை யோசிச்சு யோசிச்சே எல்லாம் மறந்து போகுது. இதுக்கு என்ன மருந்து?

இதற்கு நான் மருந்து விற்கமாட்டேன், அம்மா. முடிக்காமல் கிடக்கும் காரியம் மனத்தில் திரும்பத் திரும்ப வரும், அது வரும்போது கையிலிருக்கும் வேலை பின்னால் போகும். மசிகம்போ, போமைஸ்டர் என்ற இருவர் 2011இல் காட்டிய ஒன்று எனக்குப் பிடிக்கும்: முடிக்காமல் கிடக்கும் காரியத்தைச் செய்து முடிக்கவே வேண்டியதில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அது குறுக்கே வருவது குறைகிறது. "வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனோடு கதைப்பேன், இந்த மூன்றையும் கேட்பேன்" என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். கவலை போகாது. ஆனால் குளிசை நேரத்தில் உங்களைக் கொஞ்சம் விட்டுவைக்கும்.

யோசனை நித்திரையைக் கெடுத்தால், சாப்பாடு இறங்காவிட்டால், ஒன்றிலும் மனம் ஒட்டாமல் கிழமைகள் போனால், அதை மறதி என்று என்னிடம் கொண்டுவராமல் டொக்டரிடம் சொல்லுங்கள். யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட ஊர் இது. அப்படிச் சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

அக்கறை இல்லாததுகள்தான் மறக்குங்கள் எண்டு என்ர மனுசன் சொல்லுறார். உண்மையே?

இல்லை. இந்தப் பேச்சுத்தான் எனக்கு மனம் நோகும் பேச்சு. 1987 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் டெட்ராயிட்டில் ஒரு பயணிகள் விமானம் ஏறிய சில கணங்களிலேயே விழுந்தது. 156 பேர் இறந்தார்கள், விமானத்தில் இருந்தவர்களில் ஒரு சின்னப் பிள்ளை மட்டும் பிழைத்தது. ஓடுபாதைக்குப் போகும்போது வாசித்துச் சரிபார்க்கவேண்டிய பட்டியலை விமானிகள் வாசிக்கவில்லை, விமானம் மேலெழ உதவும் சிறகின் மடல்கள் விரிக்கப்படவில்லை என்று விசாரணை முடிவு சொன்னது. அனுபவசாலிகள், தங்கள் உயிரும் அதே விமானத்தில். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்வார்?

உங்கள் கணவரிடம் இதையும் கேளுங்கள்: நிலாவெளியிலிருந்து ரவுனுக்கு வேலைக்கு வரும் வழியில், அலஸ்தோட்டத்தில் அக்கா வீட்டில் சாமான் ஒன்றைக் கொடுத்துவிட்டு வரச்சொன்னால், எத்தனை தரம் அது மோட்டார் சைக்கிளில் தொங்கியபடியே ரவுனுக்கு வந்திருக்கிறது? பழகிய பாதையில் கை தானாக ஓட்டும், மனம் தன்பாட்டில் போகும். சாமானைப் பின்னால் கொழுவாமல் ஹாண்டிலில் கொழுவச் சொல்லுங்கள்.

வயசு போகப் போக இது கூடத்தானே செய்யும்?

ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதித்தால் இளையவர்கள் முந்துகிறார்கள். வீட்டிலிருந்து குறித்த நேரத்துக்கு போன் எடுங்கள் என்பதுபோன்ற வேலையைக் கொடுத்தால் வயதானவர்கள் அவர்களுக்குச் சமமாக, பல தடவை அதைவிட நன்றாகவே செய்கிறார்கள். ஒழுங்கான நாளும், எழுதி வைக்கும் பழக்கமும் கைகொடுக்கின்றன என்பது ஒரு விளக்கம். என் கவுண்டரில் கூடுதலாகத் தவறவிடுபவர்கள் 40 வயது மட்டில் இருக்கும், பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கும் அம்மாமார்தான்.

அப்ப எப்பதான் டொக்டரிட்டப் போறது?

ஞாபகப்படுத்தினாலும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நிற்பது அடிக்கடி நடந்தால். ஒரே கேள்வியைக் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்டால். பழகிய பாதையில் வழி தவறினால். காசுக் கணக்கு, சமையல் போன்ற கைவந்த வேலைகள் திடீரெனத் தடுமாறினால். இவற்றை அநேகமாக வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் காண்பார்கள், ஆகவே அவர்களும் கூடப் போகவேண்டும்.

சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு: தைரொயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு, நித்திரைக் குறைவு, மனச்சோர்வு. தடிமனுக்கும் கடிக்கும் எல்லோரும் பெயர் சொல்லி வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசை, அதாவது குளோர்பெனிரமின், தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். வயதானவர்களுக்கு அது கூடுதலாகத் தெரியும். என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்ற முழு விவரத்தையும் டொக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் சொன்னபடி டப்பாவைக் கண்ணுக்கு முன்னால வைச்சன் பிள்ளை. இப்ப அது இருக்கிறதே கண்ணில படுறேல்ல.

இதைக் கேட்டது அந்த ஆமைப்பூட்டு அம்மாவேதான், நாலு மாதம் கழித்து. உறையில் மறுபடியும் ஆறு மிச்சம். நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு பொருள் ஒரே இடத்தில் கிடந்தால் அது சுவரோடு சுவராகிவிடும். பிரிட்ஜில் ஒட்டிய துண்டும் அப்படித்தான். பூட்டை எடுக்கும் கை டப்பாவைத் தொடாமலே எடுக்கப் பழகிவிட்டது. இடத்தை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், ஆனால் பார்க்கவேண்டியிருக்கும் எதுவும் ஒருநாள் பழகிப்போகும். வழியை மறிக்கும் பொருள் அவ்வளவு லேசில் பழகாது.

அவர் யோசித்துவிட்டு, நான் சொல்ல முன்னரே தானே ஒரு வழி சொன்னார். இப்போது ஆமைப்பூட்டு டப்பாவின் மேலே இல்லை, உள்ளே, குளிசை உறைக்கு அடியில் கிடக்கிறது. உறையைக் கையில் எடுக்காமல் அவரால் கேற்றைப் பூட்ட முடியாது.